தண்டம் கட்ட வழியில்லாதவர்கள்

பொல்பிட்டிய பக்கத்துத் தோட்டங்களில் ஒருவர் ‘உள்ளே போயிட்டாரு’ என்றால் கொலையோ கொள்ளையோ என்று லயத்தில் யாரும் பதறுவதில்லை. கசிப்புக் கேஸாக இருக்கும், தண்டம் கட்டக் காசு இருந்திருக்காது. வீட்டுக்காரியின் தோடு அடகுக் கடைக்குப் போனால் ஆள் வெளியே. தோடு ஏற்கெனவே அடகில் கிடந்தால் ஆள் உள்ளே. குற்றமும் ஒன்று, தீர்ப்பும் ஒன்று; சிறை மட்டும் இல்லாதவனுக்கு.

இலங்கையில் ஆண்டுதோறும் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தண்டப்பணம் செலுத்த முடியாதவர்கள் என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிவரங்களே பல காலமாகக் காட்டி வருகின்றன. மலையகத்துக்கோ இது பழைய காயம். முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போன தொழிலாளியை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் சிறைக்கு அனுப்பியது. கங்காணிக்குப் பட்ட கடனைத் துண்டில் எழுதி ஆளைக் கட்டிப்போட்டார்கள். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. காசில்லாத குற்றத்துக்குச் சிறை இன்னும் ஒழியவில்லை.

இத்தனைக்கும் மாற்று வழி சட்டத்திலேயே இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டப்படி, சிறு குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் சம்பளமில்லாப் பொதுவேலையில் நீதவான் ஈடுபடுத்தலாம். ஆஸ்பத்திரி வளவைக் கூட்டலாம், பாடசாலைக்கு வர்ணம் பூசலாம். குடியை விட ஆலோசனையும் கிடைக்கும். ஆள் இரவில் வீட்டில் இருப்பார், உழைப்பும் நின்றுபோகாது. அயல்சண்டைகளுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் மத்தியஸ்த சபை இருக்கிறது. விடுமுறை நாளில் பள்ளிக்கூட வாங்கில் மூன்று பேர் உட்கார்ந்து இரு தரப்பையும் பேச வைக்கிறார்கள். முந்தி தோட்டத் தலைவர்கள் கோயில் வாசலில் செய்த வேலைதான்.

பயம் விட்டுப் போகாதா என்று கேட்பார்கள். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனைச் சும்மா விடச் சொல்லவில்லை. அடிபட்டவளைச் சமாதானம் பேசி அதே காம்பராவுக்குத் திருப்பி அனுப்பவும் கூடாது. புனர்வாழ்வு என்று பெயர் வைத்து வேலிக்குள் அடைப்பதாலும் ஆள் திருந்திவிடுவதில்லை. கந்தக்காட்டுப் புனர்வாழ்வு முகாமில் 2022இல் ஒருவர் இறந்ததும் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதை நாடே பார்த்தது.

நீதிமன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொதுவேலையை ஞாயிற்றுக்கிழமையில் கொடுங்கள், நாட்சம்பளப் பேர் போகாது; உத்தரவைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: உங்கள் லயத்தில் யாருக்காவது வழக்கு விழுந்தால், தோட்டைக் கழற்றுமுன் சட்டத்தரணியிடம் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.