சிரிப்புக்கு 2 டாலர் 13 சென்ட்

அமெரிக்காவின் தென் மாநிலங்களைப் பற்றிய சுற்றுலா விளம்பரம் எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு சொல் தவறாமல் இருக்கும். "தெற்கத்தி விருந்தோம்பல்". சின்ன ஊர், ஓக் மரங்கள் வரிசையாக நிற்கும் தெரு, வராந்தாவில் ஆடும் நாற்காலி, பெரிய கிளாஸில் ஐஸ் போட்ட இனிப்பு டீ, "கண்ணு, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றும் சர்வர் அம்மா. அட்லாண்டாவிலும் மெம்ஃபிஸிலும் வாரம் முழுக்க ஆபீஸில் மண்டை காய்ந்தவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரைக் கிளப்பி இப்படி ஒரு ஊருக்குப் போய், இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வருகிறார்கள். இதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த விருந்தோம்பல் என்கிற சரக்கை யார் தயாரிக்கிறார்கள், அதற்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று பேரேட்டைத் திறந்து பார்த்தால் கணக்கு இடிக்கிறது.

உதாரணத்துக்கு ஒரே ஒரு ஊர் போதும். மிசிசிப்பி மாநிலத்தில் கிரீன்வுட். 2020 கணக்கெடுப்பில் 14 ஆயிரத்துச் சொச்சம் பேர். டாலஹாச்சி, யாலபுஷா என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து யாஸூ என்ற ஆறாக மாறும் இடம். மிசிசிப்பி டெல்டாவின் கிழக்கு ஓரம். (டெல்டா என்றதும் தஞ்சாவூர் மாதிரி கடலோரம் என்று நினைக்கக்கூடாது. கடல் அங்கிருந்து ரொம்ப தூரம். மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூவுக்கும் நடுவில் இருக்கிற வண்டல் சமவெளிக்குத்தான் அந்தப் பெயர்.) ஒரு காலத்தில் பருத்தி வியாபாரத்தில் கொழித்த ஊர். ஆற்றங்கரையில் இருக்கும் பருத்தி கமிஷன் மண்டித் தெருவுக்கு இன்றும் "காட்டன் ரோ" என்றுதான் பெயர்.

பருத்தி சரிந்தபிறகு இந்த ஊரைத் தூக்கி நிறுத்தியது ஒரு அடுப்புக் கம்பெனி. வைக்கிங். ஹோட்டல் சமையலறையில் இருப்பதுபோல் கனமான அடுப்பை வீட்டுக்குச் செய்து விற்கலாம் என்று உள்ளூர் வீடு கட்டும் தொழிலில் இருந்த ஒருவருக்குத் தோன்றிய யோசனை, 1980களில் பெரிய பிராண்டாக ஆனது. 2003-ல் பழைய ஹோட்டல் கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து "அலூவியன்" என்ற ஆடம்பர ஹோட்டலை அந்தக் கம்பெனிதான் திறந்தது. கூடவே ஸ்பா, சமையல் பள்ளி. ஒரு வார இறுதிக்கு வேண்டியதெல்லாம் ஒரே தெருவில். 2012 இறுதியில் வைக்கிங்கை மிடில்பி என்ற பெரிய கம்பெனி வாங்கியது. 2013-லேயே ஆட்குறைப்பு. ஒரே முதலாளியை நம்பியிருக்கும் சின்ன ஊர்களுக்கு இது புதுக்கதை அல்ல என்பதால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

கிரீன்வுட்டின் பழைய பெருமை லஸ்கோஸ் என்ற சாப்பாட்டுக் கடை. இத்தாலியிலிருந்து வந்த குடும்பம் மளிகைக் கடையாக ஆரம்பித்தது. மதுவிலக்கு காலத்தில் பருத்தி வியாபாரிகள் பின் அறையில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகக் குடித்தார்கள். அந்தப் பழக்கம் 1933-க்குப் பிறகு வந்த கடையிலும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு மேஜையும் ஒரு தடுப்பறை, திரை போட்டு மூடிக்கொள்ளலாம், சர்வரைக் கூப்பிட ஒரு பஸ்ஸர். ஸ்டேக்கும் பாம்பனோ மீனும் பிரசித்தம். அந்தக் கடை 2021-ல் மூடப்பட்டது. அங்கே பல காலம் அச்சடித்த மெனு கார்டு கிடையாது. சர்வர் வந்து முழுப் பட்டியலையும் ராகம் போட்டு ஒப்பிப்பார்.

அப்படி ஒப்பித்தவர்களில் ஒருவர் புக்கர் ரைட். கறுப்பர். இருபது வருடங்களுக்கும் மேல் அங்கே சர்வராக இருந்தவர். கறுப்பர்கள் வசிக்கும் பகுதியில் "புக்கர்ஸ் பிளேஸ்" என்று சொந்தமாகவும் ஒரு கடை வைத்திருந்தார். 1965-ல் என்பிசி தொலைக்காட்சிக்காக ஃபிராங்க் டி ஃபெலிட்டா மிசிசிப்பியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். கேமராவுக்கு முன்னால் புக்கர் ரைட் வழக்கம்போல மெனுவைப் பாடினார். அதோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் ரசித்திருப்பார்கள். அவர் நிறுத்தவில்லை. சிலர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும், சிலர் வாய்க்கு வந்த பெயரில் கூப்பிடுவதையும், சிலர் எழுதக் கூசும் அந்த வார்த்தையால் கூப்பிடுவதையும் சொன்னார். எதிரில் உட்கார்ந்திருப்பவன் எவ்வளவு மோசமானவனோ அவ்வளவு அதிகமாகச் சிரிக்கவேண்டும், உள்ளே அழுதாலும் சிரிக்கவேண்டும் என்றார். எல்லாம் எதற்கு? தான் பட்ட பாட்டைப் பிள்ளைகள் படக்கூடாது, அவர்கள் படிக்கவேண்டும் என்பதற்கு.

1966-ல் நாடு முழுக்க ஒளிபரப்பானது. லஸ்கோஸில் வேலை போனது. ஒரு போலீஸ்காரர் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் ஆஸ்பத்திரியில் படுத்தார். அவருடைய கடையும் தாக்கப்பட்டது. 1973-ல் தன் கடையிலேயே சுடப்பட்டு இறந்தார். (அவருடைய பேத்தியும் டி ஃபெலிட்டாவின் மகனும் சேர்ந்து 2012-ல் இந்தக் கதையைத் தனிப் படமாக எடுத்தார்கள். தேடிப் பார்க்கவேண்டிய படம்.)

இத்தனைக்கும் 1964-லேயே சிவில் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. ஹோட்டலிலும் மோட்டலிலும் நிறம் பார்த்து விரட்டக்கூடாது. காமர்ஸ் படிக்கிறவர்கள் இங்கே காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளலாம். இந்தச் சட்டம் நின்றது தர்மத்தின் பெயரால் அல்ல, வணிகத்தின் பெயரால். அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒல்லீஸ் பார்பிக்யூ என்று ஒரு கடை. கறுப்பர்கள் பார்சல் மட்டும் வாங்கலாம், உட்கார முடியாது. ஆனால் கடையில் வேலை செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர்கள்! "எங்கள் கடை உள்ளூர்க் கடை, மத்திய அரசுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேஸ் போட்டார்கள். அந்தக் கடை ஒரு வருடத்தில் வாங்கிய ஒன்றரை லட்சம் டாலர் சரக்கில் 69,683 டாலருக்கான இறைச்சி வேறு மாநிலத்திலிருந்து வந்தது, ஆகவே மாநிலங்களுக்கு இடையேயான வணிகம் பாதிக்கப்படுகிறது என்று 1964 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒரு மனிதன் உட்கார்ந்து சாப்பிடும் உரிமை கொள்முதல் பில்லில் இருந்து வந்தது. தீர்ப்பு வந்தும் தெற்கில் பல கடைகள் திடீரென்று "உறுப்பினர்களுக்கு மட்டும்" கிளப்களாக மாறிப்போனது வேறு விஷயம்.

இதெல்லாம் பழைய கதை, சாப்பிடப் போகிற இடத்தில் சரித்திரம் எதற்கு என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அறுபது வருடத்துக்கு முந்தைய பாவத்துக்கு இன்று வார இறுதி கொண்டாடப் போகிறவர் ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிடவேண்டும்? வேண்டாம். ஆனால் பழைய கதையில் ஒரு வரி இன்னும் பில்லிலேயே இருக்கிறது. டிப்ஸ்.

டிப்ஸ் ஐரோப்பாவிலிருந்து வந்த பழக்கம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலையான கறுப்பர்களை வேலைக்கு வைத்த ஹோட்டல்களும் ரயில் கம்பெனிகளும் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. சம்பளத்தை அற்பமாகக் கொடு, மீதியை வாடிக்கையாளர் கொடுக்கட்டும். வேடிக்கை என்னவென்றால் தெற்கிலேயே இதற்கு எதிர்ப்பும் இருந்தது. மிசிசிப்பி 1912-ல் டிப்ஸையே தடை செய்து சட்டம் போட்டது. 1926-க்குள் இப்படிப்பட்ட சட்டங்கள் எல்லா மாநிலத்திலும் போய்விட்டன. 1938-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது சாப்பாட்டுக் கடை ஊழியர்களைச் சேர்க்கவில்லை. சேர்த்தது 1966-ல். ஆமாம், புக்கர் ரைட் பேசியது ஒளிபரப்பான அதே வருடம். ஆனால் ஒரு கொக்கியோடு சேர்த்தார்கள்: கூலியில் பாதியை டிப்ஸில் கழித்துக்கொள்ளலாம்.

இன்றைய கணக்கு இது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-லிருந்து மாறவில்லை. டிப்ஸ் வாங்குகிறவர்களுக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டியது மணிக்கு 2.13 டாலர். இது 1991-லிருந்து மாறவில்லை! மிசிசிப்பியில் மாநிலத்துக்கென்று குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது, அதனால் 2.13தான். அலபாமா, லூசியானா, டென்னஸி, தென் கரோலினா எல்லாம் இதே கதை. டிப்ஸ் போதாவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்டவேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அதை வாரக் கணக்கில் பார்ப்பார்கள். 40 மணி நேரத்துக்கு முதலாளி தருவது 85 டாலர் 20 சென்ட். சட்டப்படி வரவேண்டியது 290. சனிக்கிழமை ராத்திரி கூட்டத்தில் 205 டாலர் டிப்ஸ் விழுந்துவிட்டால், செவ்வாய்க்கிழமை மதியம் காலி மேஜைகளைத் துடைத்துக்கொண்டு நின்ற ஐந்து மணி நேரத்துக்கு முதலாளி ஒரு சென்ட் கூடுதலாகத் தரவேண்டியதில்லை.

ஆக "கண்ணு, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா" என்ற குரலில் நிஜமான பிரியம் இருக்கலாம், பெரும்பாலும் இருக்கும். ஆனால் பிரியம் இல்லாத நாளிலும், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிற நாளிலும், எதிரில் இருப்பவர் அசிங்கமாகப் பேசுகிற நாளிலும் அந்தக் குரல் அப்படியே வந்தாகவேண்டும். வராவிட்டால் சம்பளம் இல்லை. சிரிப்பு சம்பளத்தோடு சேர்ந்து வருவது வேறு, சிரிப்புதான் சம்பளம் என்பது வேறு.

எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. சாப்பாட்டுக் கடையில் லாபம் சொற்பம், முழுக் கூலி கொடுத்தால் சின்ன ஊர்க் கடைகள் மூடப்படும் என்பது ஒரு வாதம். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஆரெகன், நெவாடா, மினசோட்டா, மான்டானா, அலாஸ்கா என்று ஏழு மாநிலங்களில் இந்தக் கழிவே கிடையாது. அங்கேயும் சின்ன ஊர்கள் இருக்கின்றன, கடைகளும் இருக்கின்றன. மான்டானாவில் இல்லாத சின்ன ஊரா? இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. பல சர்வர்களே இந்த மாற்றத்தை விரும்புவதில்லை. மெய்ன் மாநிலத்தில் 2016-ல் வாக்கெடுப்பில் ஜெயித்த கூலி உயர்வை, சர்வர்களே போய் முறையிட்டதால் 2017-ல் சட்டசபை திருப்பி எடுத்தது. பெரிய பில் வருகிற கடையில் டிப்ஸ் நிஜமாகவே நல்ல காசு, அது போய்விடும் என்ற பயம். பயம் பொய்யல்ல. ஆனால் ஒரு இறைச்சி, மூன்று காய் வைத்து "மீட் அண்ட் த்ரீ" என்று தட்டுச் சாப்பாடு போடும் சின்ன ஊர்க் கடையில் (தமிழ்நாட்டு மதிய மீல்ஸின் ஒன்றுவிட்ட தங்கச்சி) பில்லே சின்னது. அதில் 20 சதவீதம் எவ்வளவு வந்துவிடும்? 2025-ல் வந்த சட்டம் டிப்ஸுக்கு வருமான வரிக் கழிவு கொடுத்திருக்கிறது. வரி கட்டும் அளவுக்கே சம்பாதிக்காதவருக்கு அதனால் என்ன?

தெற்கின் சாப்பாட்டைக் குறை சொல்லவே முடியாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். டெல்டாவின் ஹாட் டமாலே ஒன்று போதும். சோளமாவுக்குள் காரமான இறைச்சி வைத்து, சோளத் தோகையில் சுருட்டிக் கட்டி, மசாலா தண்ணீரில் வேகவைப்பது. இலைக் கொழுக்கட்டை தின்று வளர்ந்தவர்களுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிடும். மெக்ஸிகோவின் பண்டம் கறுப்பர் கைகளுக்குப் போய் டெல்டாவின் பண்டமாக ஆகிவிட்டது. பக்கத்தில் கிரீன்வில்லில் 1941-ல் ஆரம்பித்த டோஸ் ஈட் பிளேஸ் என்ற கடையின் கதை இன்னும் ருசி. முன்பக்கம் கறுப்பர்களுக்கான கடையாக இருந்தது. ஸ்டேக் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு வெள்ளைக்காரர்கள் பின்வாசல் வழியாக வந்து சமையலறைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்ல ஸ்டேக்குக்காகப் பின்வாசலும் பரவாயில்லை!

தங்குமிடத்திலும் இதே சிக்கல். கிளார்க்ஸ்டேல் பக்கம் ஹாப்ஸன் தோட்டத்தில் "ஷாக் அப் இன்" என்று ஒரு விடுதி. வாரத்துக்கு உழுத குடியானவர்கள் இருந்த தகரக் கூரைக் குடிசைகளில் ஏசி போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். அந்தத் தோட்டத்தில்தான் 1944-ல் நடவிலிருந்து அறுவடை வரை முழுக்க இயந்திரத்தால் ஒரு பருத்தி வெள்ளாமை எடுத்துக் காட்டினார்கள். ஆட்கள் தேவையில்லாமல் போய் சிகாகோவுக்கு ரயில் ஏறினார்கள். காலியான வகையறாக் குடிசையில்தான் இப்போது ஓய்வு. குடிசையை இடித்துத் தள்ளுவதைவிட இது தேவலை என்று சொல்லலாம். ஆனால் அங்கே படுக்கிறவருக்கு அங்கே முன்பு படுத்தவர் கடனில் எவ்வளவு இருந்தார் என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. சாதாரண மோட்டலுக்குப் போனால் கவுண்டரில் பெரும்பாலும் ஒரு குஜராத்தி பட்டேல் குடும்பம் இருக்கும். மீரா நாயர் 1991-ல் "மிசிசிப்பி மசாலா" படத்துக்குக் கிரீன்வுட்டைக் களமாக எடுத்துக்கொண்டது சும்மா இல்லை.

கிரீன்வுட்டிலிருந்து வடக்கே பதினைந்து நிமிடக் கார் தூரத்தில் மணி என்ற கிராமம். 14 வயது எம்மெட் டில் 1955-ல் மிட்டாய் வாங்கப் போய், அதன் விளைவாகக் கொல்லப்படக் காரணமான மளிகைக் கடை அங்கேதான் இருந்தது. 2022 அக்டோபரில் கிரீன்வுட் ஊருக்குள் அந்தப் பையனுக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஸ்பாவுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். போகட்டும். திரும்பி வந்து இரவுச் சாப்பாடு முடிந்ததும், டிப்ஸைக் கார்டில் போடாமல் ரொக்கமாக, சர்வர் கையிலேயே கொடுத்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகும். பெயரைக் கேட்டுக் கூப்பிட்டால் இன்னும் நல்லது. மிச்சம் 5 டாலர் 12 சென்ட்டை முதலாளி தரவைப்பது வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கிறவர்கள் வேலை. அவர்கள் 1991-லிருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.