வானநூற் போட்டியும் தாய்மொழியும்

உலகப் பள்ளி மாணாக்கருக்கென ஆண்டுதோறும் நடைபெறும் அறிவுப் போட்டிகளுள் வானநூல், வானியற்பியல் பன்னாட்டு ஒலிம்பியாடு என்பதும் ஒன்று. 2007ஆம் ஆண்டில் தாய்லாந்து நாட்டுச் சியாங் மாய் நகரில் தொடங்கிய இப்போட்டி, நம் நாட்டில் 2016இல் புவனேசுவரத்திலும், 2025 ஆகஸ்டுத் திங்களில் மும்பையிலும் நிகழ்ந்தது. மும்பையில் 60க்கும் மேற்பட்ட நாடுகளின் மாணாக்கர் ஒருங்கு கூடினர். எந்நாடு எத்துணைப் பதக்கம் பெற்றது என்பதே பலர் வினவும் வினா. யாம் ஈண்டு உரைக்கப் புகுந்ததோ, அப்போட்டியின் விதிகளுள் ஒன்றைப் பற்றியதாகும்.

ஒவ்வொரு நாட்டினின்றும் ஐவர் கொண்ட குழு செல்லும். அவரோடு ஆசிரியர் இருவர் தலைவராகச் செல்வர். தேர்வு மூவகைப்படும். கொள்கை வினாக்களுக்கு விடை காண்டல் ஒன்று. தரப்பட்ட அளவீடுகளை ஆராய்ந்து முடிவு கூறல் மற்றொன்று. வானத்தை நோக்கி விண்மீன்களை இனங்காண்டலும் தொலைநோக்கியைக் கையாளுதலும் மூன்றாவது. தேர்வுக்கு முன்னர்த் தலைவரெல்லாம் ஓரவையில் அமர்ந்து, ஆங்கிலத்தில் அமைந்த வினாக்களை ஆராய்ந்து திருத்துவர். பின்னர்த் தத்தம் மாணாக்கர் விரும்பும் மொழியில் அவற்றைப் பெயர்த்தெழுதுவர். அவ்வேளையில் அவர் தம் மாணாக்கரோடு உரையாடுதல் கூடாது. ஆகவே ஹங்கேரி நாட்டு மாணவன் தன் மொழியிலேயே வினாவைப் படித்து விடை எழுதலாம். தாய்லாந்து மாணவியும் அவ்வாறே செய்யலாம். ஒருவன் வானத்தை எவ்வளவு அறிந்துளான் என்பதை அவனது ஆங்கிலத்தைக் கொண்டு அளத்தல் தகாது என்பதன்றோ இவ்விதியின் உட்கிடை?

"தமிழில் இஃது இயலுமோ? கலைச்சொற்கள் யாண்டுள?" என்பார் நம்மிடையே உளர். அன்னார்க்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தி, முதலில் ஒரு கண்ணாலும் பின்னர் மற்றொரு கண்ணாலும் நோக்குக. விரல் இடம் பெயர்ந்ததுபோலத் தோன்றும். ஞாயிற்றைச் சுற்றிவரும் நம் உலகம் ஆறு திங்கள் இடைவெளியில் இரு வேறு நிலைகளை அடைகின்றது. அவ்விரு நிலைகளினின்றும் நோக்குங்கால் அண்மையிலுள்ள விண்மீனும் அவ்வாறே சிறிது பெயர்ந்து தோன்றும். அப்பெயர்ச்சியை அளந்தே ஜெர்மானிய அறிஞர் பெசல் 1838இல் விண்மீன் ஒன்றன் தொலைவைக் கணித்தறிவித்தார். இதற்குத் தமிழில் வழங்கும் பெயர் 'இடமாறு தோற்றம்' என்பது. இச்சொல்லைக் கேட்ட அளவிலேயே சிற்றூர்ச் சிறுவனும் பொருளிற் பாதியை உணர்வான். 'பாரலாக்ஸ்' என்பதையோ அவன் நெட்டுருச் செய்தல் வேண்டும்.

வானக் கணிதம் தமிழர்க்குப் புதியதுமன்று. 1825ஆம் ஆண்டில் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையிற் சோழிகளை வைத்து, நினைவிலிருந்த வாய்பாடுகளின் துணையால் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் என்னும் ஐரோப்பியர் தம் நூலிற் குறித்துள்ளார். ஆயினும் பழம்பெருமை பேசி அமைதல் போதாது. கருந்துளையைப் பற்றிய வினாவுக்குச் சோழி விடை கூறாது. புதிய நூல்கள் வேண்டும்.

ஆங்கிலத்தைத் தள்ளுக என்பது எம் கருத்தன்று. குழுத் தலைவர் இரு மொழியும் அறிந்தவராதலினாலன்றோ மாணாக்கன் ஒரு மொழியில் நின்று வெல்ல முடிகின்றது? அப்பணியை இந்நாட்டில் நாம் செய்யலாகாதா? கணக்கில் வல்லவனாகியும் ஆங்கில வினாவின் வாயிலில் தயங்கி நிற்கும் தமிழ்வழி மாணாக்கன் நம் ஊர்ப் பள்ளிகளிலேயே இருக்கின்றான். தன் அறிவில் குறையுண்டென்று அவன் எண்ணிக்கொள்கின்றான், குறை அவனுடையதன்று.

ஆதலின், நம் கல்லூரியின் பௌதிக மாணவரும் தமிழ் மாணவரும் ஒருங்கமர்ந்து, கடந்த ஆண்டுகளின் வினாக்களுட் சிலவற்றை விளக்கத்தோடு தமிழாக்கி, சிறுநூலாக அச்சிட்டு, சுற்றுப்புறப் பள்ளிகளுக்கு வழங்குதல் வேண்டும். பொருளை அவர் கூற, சொல்லை யாம் ஆய்ந்து தருவோம். நிலவில்லா இரவுகளிற் கல்லூரி விளையாட்டுத் திடலின் விளக்குகளை அணைத்து, அப்பள்ளிச் சிறாரை அழைத்து வானத்தைக் காட்டுதலும் வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. ஆசிரியர் துணை நிற்பாராக. பழைய மாணவர் அச்சுக்கூலி உதவுவாராக. உழைப்பதற்கு யாம் உளோம்.