கூரையிலிருந்து இறக்கிய பிறகு

சென்ற வருடம் நோன்புப் பெருநாளுக்கு முன்னர் எங்கள் வீட்டுக் குசினிக் கூரையை வாப்பா மாற்றினார். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளுக்கு அஸ்பெஸ்டஸ் சீற்தான். துறைமுகத்து உப்புக் காற்றுக்குத் தகரம் தாக்குப்பிடிக்காது. ஓடு போடுவதென்றால் மரத்துக்கே காசு போதாது. ஆகவே சீற் போட்டவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கழற்றிய சீற்றுக்கு என்ன நடந்தது என்பதுதான் என் கவலை.

வேலைக்கு வந்த பாஸ் கூரையில் நின்றபடியே ஒவ்வொன்றாக முற்றத்தில் போட்டார். எல்லாம் நொறுங்கின. தப்பிய இரண்டை மாமா கோழிக்கூட்டுக்கு எடுத்துக்கொண்டார். இன்னொன்றைக் கிறைண்டரால் வெட்டிக் கிணற்றடிக்கு மறைப்பாக வைத்தார்கள். மிச்சத் துண்டுகளைக் குப்பை வண்டியில் போட முடியாது என்றார்கள். அது நியாயம்தான், வண்டியில் நசுங்கினால் தூசு முழுவதும் ஏற்றுபவரின் மூக்கில். ஒரு கிழமை வாசலில் கிடந்தவற்றை ஒரு நாள் இரவு ஒழுங்கை முடக்கில் மழைத்தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் கொட்டி மண்ணால் மூடினோம். முற்றத்தைக் கூட்டியது உம்மாவும் நானும். வெள்ளைத் தூசு எழும்ப, முந்தானையாலும் ஷோலாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டினோம்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றி வாசித்தேன். சீற்றில் பெரும்பகுதி சீமெந்து, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அஸ்பெஸ்டஸ் நார். முழுதாக இருக்கும்வரை சீமெந்து நாரைப் பிடித்து வைத்திருக்கும். உடைத்தாலும் வெட்டினாலும் உரசினாலும் நார் காற்றில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. துணியால் மூக்கைப் பொத்தினால் நிற்காது. நுரையீரலுக்குள் போனது கரையாது. நுரையீரல் இறுகும் நோயோ புற்றுநோயோ தெரிய வர இருபது முதல் நாற்பது வருடங்கள் எடுக்கலாம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

“எங்கட மூத்தம்மா இந்தக் கூரைக்குக் கீழேதானே இவ்வளவு காலமும் இருந்தா?” என்று வாப்பா கேட்டார். சரிதான். உடையாத கூரைக்குக் கீழே படுப்பது வேறு, அதை உடைத்துத் தூசைக் கூட்டுவது வேறு. “அஸ்பெஸ்டஸை அகற்றுவோம்” என்று பதாகை எழுதுவது எனக்கு உடன்பாடில்லாததும் இதனால்தான். நல்ல நிலையில் இருக்கும் கூரையை அவசரப்பட்டுக் கழற்றினால், இல்லாத ஆபத்தை நாமே முற்றத்துக்கு இறக்குகிறோம்.

இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெல்லி கெர்ஷோ என்றொரு பெண், தொழிற்சாலையில் அஸ்பெஸ்டஸ் நாரை நூலாக நூற்றவர். 1924இல் நுரையீரல் நோயால் இறந்தபோது அவருக்கு வயது 33. அஸ்பெஸ்டஸ் தூசால் நேர்ந்த மரணம் என்று மருத்துவ ஏட்டில் முதன்முதலில் பதிவானவற்றில் அவருடையதும் ஒன்று. தொழிற்சாலைக்கே போகாமல், கணவனின் வேலை உடுப்பைத் தோய்த்ததால் நோய் வந்த பெண்களும் பிற்காலத்தில் இருந்தார்கள். கூட்டுவதும் தோய்ப்பதும் நம் வீடுகளில் யார் வேலை என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் நாடு 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைத் தடுக்கத் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் நம் தேயிலைப் பொதியொன்றில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்புவதும் பெரும்பாலும் ரஷ்யாதான். சில நாட்களில் நம் தடை தள்ளிப்போனது, அவர்களுடைய தடையும் நீங்கியது. ஒரு வண்டு செய்த வேலை! ஆனால் நாளைக்கே இறக்குமதி நின்றாலும் ஏற்கெனவே நம் தலைக்கு மேல் இருப்பவை ஒரு நாள் இறங்கத்தான் வேண்டும். 2004 சுனாமி இடிபாடுகளில் சீற் துண்டுகளும் கிடந்தன. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் நமக்கு வடக்கே கரையேறியது. அடுத்த புயல் நம்மிடம் கேட்டுக்கொண்டு வராது.

கழற்றியே ஆகவேண்டுமென்றால் முதலில் சீற்றை நனைக்க வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரத் திரவம் கலந்தால் நன்றாக ஊறும். அழுத்தமாகப் பீய்ச்சக் கூடாது. ஆணியைக் கழற்றி முழுச் சீற்றாகக் கையில் இறக்க வேண்டும். கிறைண்டர் வேண்டாம். முகத்தோடு ஒட்டிய, அஸ்பெஸ்டஸ் தூசுக்கு ஏற்ற முகக்கவசம் வேண்டும். பிள்ளைகள் அங்கே நிற்கக் கூடாது. துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, மேலே “அஸ்பெஸ்டஸ்” என்று பெரிதாக எழுத வேண்டும். தூசைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பொதியில் போட வேண்டும். உடுப்பைத் தனியாகத் தோய்க்க வேண்டும்.

அந்தப் பொதியை எங்கே கொடுப்பது? பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் கேட்போம். ஆனால் வருடத்தில் இரண்டு நாட்களாவது, நசுக்காத லொறியொன்றில் இதை மட்டும் தனியாக ஏற்றி, மண் மூடிப் புதைக்கும் இடமொன்றுக்குக் கொண்டு போகும் ஏற்பாட்டை உள்ளூராட்சி மன்றங்கள் செய்ய வேண்டும். அதுவும் இலவசமாக. காசு கேட்டால் மக்கள் எங்களைப் போல இரவில் பள்ளம் தேடுவார்கள். பாதையில் கிடக்கும் தீங்கை அகற்றுவது ஸதகா என்று சிறுவயதிலேயே படித்தவர்கள் நாங்கள். எங்கள் முற்றத்துத் தீங்கை எடுத்துப் பாதையில் போட்டோம்.

கிணற்றடி மறைப்பை இப்போதைக்கு அசைக்க வேண்டாமென்று சொல்லி, வெட்டிய ஓரங்களை நனைத்துத் துடைத்துவிட்டு வாப்பாவும் நானும் பெயின்ற் பூசினோம். ஒழுங்கை முடக்கில், போன மாரி மழைக்கு மண் கரைந்து துண்டுகள் வெளியே தெரிகின்றன. ஓட்டோக்கள் அதன் மேல்தான் திரும்புகின்றன. அடுத்த மழை நாளில், ஈரத்தோடு ஈரமாக, பொலித்தீனோடு அங்கே போவதாக வாப்பா சொல்லியிருக்கிறார். மாமாவிடம் கோழிக்கூட்டைப் பற்றி இன்னும் பேசவில்லை.