ஆபீசுக்குள்ளே ஒரு தோட்டம்!

ஆபீஸ் என்றதும் நினைவுக்கு வருவது என்ன? மேஜை, நாற்காலி, பைல் கட்டு. வெளியே மழையா, வெயிலா என்பது குமாஸ்தாவுக்குத் தெரியாது. சாயந்திரம் தெருவுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

இந்த வழக்கத்தை மாற்றிக் காட்டிய கட்டிடம் ஒன்று அமெரிக்காவில், நியூயார்க் நகரில் இருக்கிறது. மோட்டார் கார் புகழ் போர்டு குடும்பம் 1936-ம் ஆண்டு தொடங்கிய அறக்கட்டளையின் தலைமை அலுவலகம் அது. 1967-ல் கட்டி முடித்தார்கள். கெவின் ரோச், ஜான் டிங்கலூ என்ற இருவரின் நிறுவனம் வரைபடம் போட்டது.

கட்டிடம் 12 மாடி. அதன் ஒரு மூலையில், தரையிலிருந்து கூரை வரை, அறையே கட்டவில்லை. மேலே கண்ணாடிக் கூரை. கீழே மரம், செடி, சிறு குளம்! இந்தத் தோட்டத்தை அமைத்தவர் டான் கைலி. பணியாளர்களின் அறைகள் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தன. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் தோட்டத்துக் காற்று உள்ளே வரும்.

நியூயார்க்கில் நிலம் விற்கிற விலைக்கு இது வீண் ஆடம்பரம் அல்லவா? சிலர் அப்படிச் சொல்லக்கூடும். அது தவறு. பெரிய அதிகாரியின் அறைக்கு மட்டும் வைத்த அலங்காரமாக இருந்தால் ஆடம்பரம்தான். இங்கே சாதாரணப் பணியாளரும் தலை நிமிர்ந்தால் மரத்தைப் பார்த்தார். தெருவில் போகிறவர்கூட உள்ளே வந்து நிற்க அனுமதி உண்டு.

குறையே இல்லை என்று சொல்ல முடியாது. முதலில் வைத்த குளிர்நாட்டு மரங்களுக்குக் கண்ணாடிக் கூடத்தின் வெளிச்சமும் வெப்பமும் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு வெப்பநாட்டுச் செடிகளை வைத்தார்கள். செடி வாங்குமுன் வெளிச்சத்தைப் பார்க்கவேண்டும் என்பது வீட்டில் துளசி வளர்க்கும் பாட்டிக்குத் தெரிந்த சங்கதி! ஆனாலும் தோட்டத்தைக் கைவிடவில்லை. கட்டிடத்தைப் புதுப்பித்து 2018-ல் திறந்தபோதும் தோட்டம் இருந்தது.

இன்று பல ஆபீசுகளில் என்ன நடக்கிறது? வாசலில் பிளாஸ்டிக் இலை. வருகிறவர்கள் பார்த்து மெச்சுகிறார்கள். எட்டு மணி நேரம் உழைக்கிறவரின் கண்ணுக்கு எதிரே வெறும் சுவர்.

எல்லோராலும் 12 மாடி உயரத்துக்குத் தோட்டம் போட முடியாது. தேவையும் இல்லை. எத்தனை தொட்டி வைக்கலாம் என்று கணக்குப் போடுவதைவிட, எந்த நாற்காலியிலிருந்து பச்சை தெரியும் என்று பார்க்கட்டும். ஜன்னல் ஓரத்தைக் குமாஸ்தாக்களுக்குக் கொடுத்து, மானேஜர் அறையை உள்ளே தள்ளினால் போதும். புது ஆபீஸ் கட்டும்போது அதற்குத் தனிச் செலவு அதிகம் ஆகாது.

மானேஜர் கோபித்துக்கொள்வாரா? நினைத்தபோது எழுந்து வெளியே போய்வரக் கூடியவர் அவர் ஒருவர்தானே!