சாமை சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முடக்குவாதம் என்று வாயைத் திறந்தால் போதும், எங்கள் போளூரில் ஆளுக்கொரு பத்தியம் சொல்வார்கள். புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது. ஜவ்வாது மலைச் சாமையும் முடக்கத்தான் தோசையும் போதும், மாத்திரையே வேண்டாம் என்பார்கள். அந்தக் கடைசிப் பேச்சில்தான் ஆபத்து.

சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. நார்வேயில் 53 நோயாளிகளிடம் நடந்து 1991-இல் வெளியான ஆய்வில், சில நாள் பட்டினி இருந்து பிறகு ஓராண்டு சைவ உணவில் இருந்தவர்களுக்கு வீக்கமும் வலியும் குறைந்தன. மீன் எண்ணெயும் வலியைக் கொஞ்சம் தணிக்கிறது. ஆனால் மூட்டு எலும்பு அரிக்கப்படுவதைத் தடுப்பது மருந்துதான். நோய் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே அரிப்பு வந்துவிடலாம். பத்தியத்தை நம்பிக் காத்திருக்க நேரமில்லை. (புளியை விலக்கச் சொல்கிறவர்கள் பீடியை விடச் சொல்வதில்லை. புகைப்பது இந்த நோய்க்கு வழிவிடும் என்பது உறுதியான உண்மை.)

யூரிக் அமிலத்தால் வரும் கவுட் என்ற மூட்டு நோய் வேறு. அதற்கு ஈரலையும் பீரையும் குறைக்கத்தான் வேண்டும்.

தங்கள் மருத்துவக் குறிப்புகளில் பத்தியம் எழுதும்போது, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்ற வரியையும் சேர்த்து அச்சிடுங்கள்.

– ஒரு வாசகர், போளூர்