முதல் நாளிலேயே ஸ்கோர் கேட்காதீர்கள்

ஜெர்மனியிலிருந்து வரும் போட்டித் துப்பாக்கியின் பெட்டியைத் திறந்தால், துப்பாக்கியோடு உள்ளங்கை அளவில் ஓர் அட்டையும் இருக்கும். அட்டையின் நடுவே ஒரே ஓர் ஓட்டை. ஐந்து பெல்லட்டுகள் சேர்ந்து போட்ட ஓட்டை அது. உற்றுப் பார்த்தால்தான் விளிம்பில் லேசான பிசிறு தெரியும். உல்ம் நகரத்து வால்தரும் அன்ஷூட்ஸும், ஓபர்ன்டார்ஃப் ஊரின் ஃபைன்வெர்க்பாவும் தங்கள் துப்பாக்கியோடு அனுப்பும் ஆலைச் சோதனைச் சான்று இது.

வினை இந்த அட்டையில்தான் தொடங்குகிறது. பல லட்சம் கொடுத்து ஏர் ரைஃபிள் வாங்கிய அப்பா அதைப் பார்க்கிறார். மறுநாள் காலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரேஞ்சுக்குப் போகிறார். கிளப்பின் பழைய துப்பாக்கியில் 654-க்கு 600 சுட்டுக்கொண்டிருந்த பிள்ளை, புதியதில் 590 சுடுகிறது. “துப்பாக்கி நல்லாத்தானே சுடுது, உனக்கு என்ன ஆச்சு?” என்ற கேள்வி வண்டியில் திரும்பும்போதே வந்துவிடும். அட்டையில் இருக்கும் ஓட்டையைப் போட்டது மனிதக் கை அல்ல, இயந்திரப் பிடியில் இறுக்கி வைக்கப்பட்ட துப்பாக்கி என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புதுத் துப்பாக்கியை முதன்முதலாக ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் நாளில் ஸ்கோர் எழுதவே கூடாது. அன்று சோதிக்கப்பட வேண்டியது துப்பாக்கி, பிள்ளை அல்ல. நம் ஊர் கிளப்புகள் பலவற்றில் நடப்பதோ இதற்கு நேர் எதிர்.

அந்த நாளில் செய்வதற்கு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே குழல் முனை இலக்கின் பக்கம் இருக்க வேண்டும். குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கயிறு, இரு முனையிலும் வெளியே தெரியும் நீளத்துக்கு. அடுத்து சிலிண்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பப்படும். கார் டயரில் இருப்பதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு. சிலிண்டரின் மேலேயே தயாரித்த தேதி பொறிக்கப்பட்டிருக்கும். பத்து ஆண்டைத் தாண்டிய சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது. அதைக் கவனிப்பது வீரரின் பொறுப்பு என்கிறது சர்வதேச விதி. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் விலையைப் பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியது இந்தத் தேதியைத்தான். பெரும்பாலும் பார்ப்பதில்லை.

பிறகு உடம்புக்குத் தக்கபடி துப்பாக்கியைப் பொருத்தும் வேலை. தோளில் பதியும் பட் பிளேட், கன்னம் படியும் பலகை, கைப்பிடி என்று எல்லாவற்றையும் ஏற்றலாம், இறக்கலாம், சாய்க்கலாம். தலையைச் சாய்க்காமல், கழுத்தை நீட்டாமல், கண் தானாகவே குறிபார்க்கும் சைட்டின் துளைக்கு நேராக வந்து நிற்க வேண்டும். விதி அனுமதிக்கும் எடை 5.5 கிலோ வரை. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது சின்னப் பாரம் இல்லை. கன்னப் பலகை ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் பத்தாவது நிமிடத்திலிருந்து கழுத்து தன் வேலையைக் காட்டும். இருபதாவது ஷாட்டுக்கு மேல் இலக்கில் தெரியும் சிதறலில் பாதிக்குக் காரணம் இந்தக் கழுத்து வலியாகத்தான் இருக்கும். வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கை தூக்க முடியவில்லை என்று பிள்ளையைத் திட்டுவது போன்றது இது.

ட்ரிக்கர் தனிக் கதை. ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் இழுவிசை வேண்டும் என்று விதி உண்டு. ஏர் ரைஃபிளுக்கு அப்படிக் கீழ்வரம்பே கிடையாது. நூறு கிராமுக்கும் கீழே வைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். கிளப்பின் பழைய துப்பாக்கியில் அழுத்தி அழுத்திப் பழகிய விரல் இதில் பட்டதும் ஷாட் போய்விடும். சுட்டவருக்கே தாம் சுட்டது தெரியாது. அதனால் முதல் அரைமணி நேரம் பெல்லட்டே போடாமல் ட்ரை ஃபயர் செய்வதுதான் முறை. இந்தத் துப்பாக்கிகளில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. காற்று செலவாகாமல் ட்ரிக்கர் மட்டும் விழும். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு இது அலுப்பூட்டும் காட்சிதான்.

சைட்டைத் திருகுவதிலும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. சில ஜெர்மன் சைட்டுகளில், ஷாட் மேலே போனால் ‘மேல்’ என்று குறித்திருக்கும் பக்கமே திருக வேண்டும். அப்போதுதான் அடுத்தது கீழே இறங்கும். குறியைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் திருகிவிட்டு, இன்னும் மேலே போகிறதே என்று கையைப் பிசைகிறவர்கள் உண்டு.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால் கணக்கைப் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9; அறுபது ஷாட்டுக்கு 654. பத்துக்கு மேல் ஒவ்வொரு 0.1-க்கும் இலக்கில் இருக்கும் தூரம் கால் மில்லிமீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்தார். சராசரியாக ஒரு ஷாட்டுக்கு 10.5-க்கும் சற்று மேல், அதாவது மையத்திலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள். அது பத்தாவது இடம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். துப்பாக்கிக்கும் பெல்லட்டுக்கும் ஒத்துப்போகாமல் ஒவ்வொரு ஷாட்டும் கால் மில்லிமீட்டர் விலகினால், அறுபது ஷாட்டில் ஆறு புள்ளி போய்விடும். அந்த அளவில் ஆறு புள்ளி என்பது இறுதிச் சுற்றுக்கும் பட்டியலின் அடிப்பகுதிக்கும் இடையிலான தூரம்.

பெல்லட் டின்களின் மேல் 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டம் அச்சிட்டிருக்கும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரே துப்பாக்கி ஒன்றை விரும்பும், இன்னொன்றை விரட்டும். ஏன் என்று தயாரித்தவராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது, சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதற்காகத்தான் துப்பாக்கியை வைஸ் எனும் இயந்திரப் பிடியில் இறுக்கிவிட்டு, ஒவ்வொரு டின்னிலிருந்தும் ஐந்து பத்து பெல்லட்டுகளைச் சுட்டு, எந்த பேட்ச் சிறிய ஓட்டையைப் போடுகிறது என்று பார்க்கிறார்கள். 50 மீட்டர் .22 ரைஃபிள் உலகில் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பர்மிங்ஹாமில் ஈலி நிறுவனமும், ஜெர்மனியின் ஷோனபெக்கில் லப்புவா நிறுவனமும் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் நடத்துகின்றன. வீரர்கள் தங்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார்கள்; ஒத்துவரும் பேட்ச் கிடைத்ததும் ஒரு சீசனுக்குத் தேவையான தோட்டாவை மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் கதை மேட் எம்மன்ஸுடையது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில மாதம் முன்பு, அமெரிக்கப் பயிற்சி மையத்தில் வைத்திருந்த அவருடைய துப்பாக்கியின் குழலை யாரோ சேதப்படுத்திவிட்டார்கள். முன்னாள் அணித் தோழி ஆம்பர் டார்லாண்டின் துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு போய், 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். ‘நல்ல கைக்கு எந்தத் துப்பாக்கியும் பேசும்’ என்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அவர் கையில் எடுத்தது, இன்னொரு தேர்ந்த வீராங்கனை போட்டியில் சுட்டுப் பழகிய துப்பாக்கி என்பது அவர்கள் சொல்லில் விடுபட்டுப் போகும். (அதே ஒலிம்பிக்கில் மூன்று நிலைப் போட்டியின் கடைசி ஷாட்டைப் பக்கத்து வீரரின் இலக்கில் சுட்டு, கையில் இருந்த தங்கத்தை அவர் கோட்டைவிட்டார். அதற்கு எந்தத் துப்பாக்கியும் பொறுப்பேற்க முடியாது.)

அபினவ் பிந்த்ராவின் அனுபவம் இன்னும் நேரானது. 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். இறுதிச் சுற்றுக்கு முன் சரிபார்க்கச் சுட்ட ஷாட், போக வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இல்லை. இடைவேளையில் யாரோ தன் சைட்டில் கைவைத்துவிட்டதாகவே பின்னர் அவர் சொன்னார். கைவைத்தது யார் என்ற சர்ச்சை நமக்கு வேண்டாம். ‘நான் தப்பாகச் சுட்டுவிட்டேன்’ என்று அவர் பதறவில்லை. கோளாறு கருவியில்தான் என்று அடையாளம் கண்டார், இருந்த சில நிமிடத்துக்குள் திருகிச் சரிசெய்தார், கடைசி ஷாட்டை 10.8-இல் முடித்தார். மொத்தம் 700.5. தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அப்படி வந்தது. தன் துப்பாக்கி எப்படிச் சுடும் என்பது அத்துப்படியாக இருப்பவருக்குத்தான் அந்தத் தெளிவு கிடைக்கும்.

பிஸ்டலிலும் இதே பாடுதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் போட்டியின் நடுவில் பழுதானது. பழுது பார்ப்பதில் கால் மணி நேரத்துக்கும் மேல் போனது. 575 எடுத்து, இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றை இழந்தார். மாற்றுத் துப்பாக்கியை எடுத்தால், அதன் பிடியையும் சைட்டையும் புதிதாகச் சரிபார்க்கவே நேரம் போய்விடும் என்ற இக்கட்டு அது.

ஒலிம்பிக் வீரர்களுக்கான சோதனையெல்லாம் பள்ளிப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கும் கோச்சுகள் இருக்கிறார்கள். பாதி நியாயம் இருக்கிறது. ஏர் ரைஃபிளில் 570 சுடும் பிள்ளைக்கு 4.49-ஆ 4.50-ஆ என்பது ஒரு பொருட்டே அல்ல; அதன் சிதறல் டின்னிலிருந்து வருவதில்லை. விலை உயர்ந்த பெல்லட்டை அந்த வயதில் திணிப்பது கடைக்காரருக்கு மட்டுமே லாபம். ஆனால் துப்பாக்கி அதன் உடம்புக்குப் பொருந்துகிறதா, சைட்டின் திருகு தளர்ந்திருக்கிறதா, குழல் நேராகச் சுடுகிறதா என்பது 570-க்கும் பொருந்தும், 630-க்கும் பொருந்தும். சொல்லப்போனால் 570-க்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும். தவறு தன்னுடையதா துப்பாக்கியுடையதா என்று பிரித்துப் பார்க்கும் அனுபவம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. எல்லாப் பழியையும் தன்மேல் போட்டுக்கொள்ளும், இல்லையென்றால் எல்லாவற்றையும் துப்பாக்கிமேல் போட்டுவிடும். இரண்டுமே அதைக் கெடுக்கும்.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டின் மீதான ஆர்வம் கூடிக்கொண்டே போகிறது. 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது ரைஃபிள் கிளப்பின் வாசலில் திரண்ட கூட்டத்தை ஊரே பார்த்தது. பாரிஸில் மனு பாக்கரின் இரண்டு வெண்கலமும் ஸ்வப்னில் குசாலேயின் வெண்கலமும் வந்தபிறகு பெற்றோரின் ஆசை இன்னும் ஒருபடி ஏறியிருக்கிறது. 4.5 மி.மீ. அளவும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் வேண்டாம் என்பதும் ஒரு வசதி. போட்டி ஏர் ரைஃபிளின் ஆற்றல் அதில் பாதியைக்கூடத் தொடாது. உரிமத்துக்கு அலைய வேண்டியதில்லை என்றதும், சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கடன் வாங்கியாவது சொந்தத் துப்பாக்கி என்று இறங்கிவிடுகிறார்கள். வளரும் வயதில், ஆண்டுக்கு ஆண்டு கை நீளும் பிள்ளைக்கு இவ்வளவு சீக்கிரம் சொந்தத் துப்பாக்கி தேவையே இல்லை. கிளப்பில் அளவு மாற்றக்கூடிய நல்ல துப்பாக்கிகள் நாலைந்து இருந்தால் முதல் இரண்டு ஆண்டை ஓட்டிவிடலாம்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கிளப்புகளிடம்தான் கேட்க வேண்டும். ரேஞ்ச் நடத்தும் ஒவ்வொரு கிளப்பிலும், கான்கிரீட் மேடையில் பதித்த ஒரு சோதனை வைஸ் இருக்கட்டும். துப்பாக்கியின் விலையோடு பார்த்தால் அது சொற்பச் செலவு. கோவைப் பட்டறைகளுக்கு இதைச் செய்துகொடுப்பது பெரிய வேலையே அல்ல. புதிதாக வரும் ஒவ்வொரு துப்பாக்கியும் முதலில் அதில் ஏறட்டும். துப்பாக்கியின் எண், டின்னின் பேட்ச் எண், விழுந்த ஓட்டையின் அகலம், சிலிண்டரின் தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். நாளைக்கு அதே துப்பாக்கி இன்னொரு பிள்ளைக்குக் கைமாறும்போது வாங்குகிறவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மாநிலப் போட்டி தொடங்குவதற்கு முந்தைய நாள், கடைசி லேனை வைஸ் சோதனைக்கென்று ஒதுக்கிவிட்டால், அந்த வசதி இல்லாத ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளும் தங்கள் துப்பாக்கியையும் இரண்டு டின் பெல்லட்டையும் கொண்டுவந்து சரிபார்த்துக்கொண்டு போகலாம்.