கோணல் சிலுவையும் சிலுவைதான்!

ஈஸ்டர் கைவேலை என்றதும் முட்டைக்குக் கலர் அடிப்பதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அதற்கு ஒரு வாரம் முன்னால் குருத்தோலை ஞாயிறு வருதே! அன்று கிடைக்கும் ஓலையில் சிலுவை மடிக்கலாம். மிஞ்சும் துண்டில் காத்தாடி, ஊதல் செய்து விளையாடலாம். பசைகூட வேண்டாம்.

ஆனால், "உனக்கு வராது, கொண்டா" என்று பெரியவங்க வாங்கி மடிச்சுத் தர்றாங்க. சின்னப் பிள்ளைங்க வேடிக்கைதான் பார்க்குது.

என் கருத்து இதுதான்: ஓலையை அவங்க கையிலேயே விடுங்க. பச்சைக் குருத்து நன்றாக வளையும். தப்பா மடிச்சாலும் பிரிச்சு மறுபடி மடிக்கலாம். அடுத்த வருஷம் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் எடுக்கக் கொடுக்கும் வரை அந்தச் சிலுவை வீட்டில் இருக்கும். அதுவரைக்கும் "இது நான் செஞ்சது" என்று அந்தப் பிள்ளை சொல்லட்டுமே!